'ஆன்புடையீர்' என்று ஏன் வருகிறது? அம்மாவின் லப்டொப்பில் லினக்ஸ் போட்ட கதை

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு தேத்தண்ணி ஊற்றக்கூடப் பொறுமை இல்லை, நேரே கமராவைப் போட்டுவிட்டேன். போன வீடியோவில் அம்மாவின் பழைய லப்டொப்பைக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு முடிந்தது. 11-ஐப் போடலாம் என்றால், அது பெரும்பாலும் இன்டெல் புரொசஸரின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். அம்மாவினது ஆறாம் தலைமுறை.

டவுனில் ஒரு கடையில் கேட்டேன். பெயர் வேண்டாம். மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. "இதை விடுங்கோ தம்பி, புதுசு 1,85,000 ரூபாய்" என்றார். நெஞ்சு கொதித்துவிட்டது. கீபோர்டில் ஓர் எழுத்துக்கூடத் தேயாத சாமான்! அன்று பின்னேரமே 7,800 ரூபாய்க்கு 240 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) ஒன்று வாங்கிக்கொண்டு வந்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். முன்பு திரை வருவதற்குள் அம்மா அடுப்பைப் பார்த்துவிட்டு வருவார். இப்போது கதிரையில் இருப்பதற்குள் வந்துவிடுகிறது. 7,800 ரூபாய், உறவுகளே! திரும்பவும் சொல்கிறேன், 7,800.

ஓ, ஒன்றை விட்டுவிட்டேன். நிறுவ முதல் பென் ட்ரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஸ்பீக்கர், பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகுதான் நான் ஸ்க்ரூவைக் கழற்றினேன். பழைய டிஸ்க் அப்படியே அலுமாரியில் இருக்கிறது.

இனித்தான் கதை. அம்மா அறநெறிப் பாடசாலைக் கடிதங்களை எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான் அடிப்பார், 15 வருடப் பழக்கம். பாமினி யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை) இல்லை. உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து, எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. அதனால் மின்ட்டில் கோப்பைத் திறந்ததும் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடந்தது. அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. பாமினி எழுத்துருக் கோப்பை டபுள் கிளிக் செய்து நிறுவி, லிப்ரே ஒபிஸை (வேர்ட் மாதிரிக் கடிதம் அடிக்கிற இலவச மென்பொருள்) மூடித் திறந்தேன். கடிதம் வந்துவிட்டது.

சரி என்று எழும்பினால் அடுத்தது. அம்மா 'அன்புடையீர்' என்று அடித்து ஸ்பேஸ் தட்ட, அது 'ஆன்புடையீர்' என்று மாறுகிறது! அழித்துவிட்டு அடித்தாலும் 'ஆன்புடையீர்'. எழுத்துரு பழுது என்று நினைத்து வேறொரு பாமினி போட்டேன். கீபோர்டை மாற்றினேன். ஒரு மணித்தியாலம் போய்விட்டது. பிறகுதான் விளங்கியது: வசனத்தின் முதல் எழுத்தை லிப்ரே ஒபிஸ் தானாகப் பெரிய எழுத்தாக்குகிறது. பாமினியில் சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'! கருவிகள் மெனுவுக்குள் தானியங்கித் திருத்தம் இருக்கிறது, அதில் அந்தச் சரிக்குறியை எடுத்துவிட்டேன். தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்து வந்தால் திருத்துகிற குறியையும் சேர்த்து எடுங்கோ. வேர்டிலும் இந்தத் தொல்லை உண்டு, அங்கே யாரோ முன்பே நிப்பாட்டி வைத்திருந்தார்கள். ஆகவே லினக்ஸைக் குறை சொல்ல நான் விடமாட்டேன். அதற்குப் பிறகு அம்மா என்னைக் கூப்பிடாமல் மூன்று கடிதம் அடித்து முடித்தார்.

கனடாவிலிருந்து வந்து நின்ற மச்சான் "மேக் வாங்கு" என்று ஒரே பிடியாக நின்றான். அவனுடையதை இரண்டு நாள் பாவித்தேன். திரை வடிவுதான். ஆனால் சிவப்புப் பொட்டை அமத்தினால் ஜன்னல் மூடுகிறது, செயலி பல நேரம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. மூடினால் மூட வேண்டாமா? விண்டோஸ் 11-இல் வலது கிளிக் செய்தால் எனக்குத் தேவையானது இன்னொரு மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது. மின்ட்டில் மெனு இடது கீழ் மூலையில், விண்டோஸ் 7 பழகிய கை எங்கே தேடுமோ அங்கே இருக்கிறது. தங்கச்சியின் லப்டொப்பை மட்டும் தொடவில்லை, அவள் படிக்கிற கணக்கியல் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான் வருகிறது.

பிரவுசரில் நான் பயர்பொக்ஸ் கட்சி. குரோம், எட்ஜ், ஒபேரா, பிரேவ் எல்லாமே ஒரே குரோமியம் அடித்தளம்தான். 2025-இல் குரோம், விளம்பரத்தைத் தடுக்கிற யூபிளொக் ஒரிஜின் நீட்சியை ஓடவிடாமல் நிப்பாட்டியது. பயர்பொக்ஸில் அது இன்னும் ஓடுகிறது. டேட்டா கார்ட் போட்டுப் பாவிக்கிற வீட்டில் விளம்பர வீடியோவுக்கு நான் ஏன் காசு கட்ட வேண்டும்? மின்ட்டோடு பயர்பொக்ஸ் கூடவே வருகிறது, தனியாக இறக்கத் தேவையில்லை.

நாளைக்குப் பக்கத்து வீட்டு மாமியின் லப்டொப் வருகிறது. ராம் 2 ஜிபிதான். அதற்கு மின்ட்டின் பாரம் குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுப் பார்க்கப் போகிறேன். மாமியும் பாமினிதான் அடிப்பார், அந்தச் சரிக்குறியை முதலிலேயே எடுத்துவிடுவேன்.