தன் நஞ்சைத் தாங்கும் குருதி

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, மாணவச் செல்வங்களே,

அருவி வெட்டுக் காலத்தில் வயலில் புடையன் என்னும் கண்ணாடி விரியன் தீண்டியவர்களும், மணற்பாங்கான கரையோரங்களில் சுருட்டை விரியன் தீண்டியவர்களும் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுவது இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் எவரும் அறிந்ததே. அங்கே சிறிதளவு குருதியைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காது வைத்து, உறைகின்றதா என்று பார்ப்பார்கள். புடையனின் நஞ்சு வேலை செய்திருந்தால் அக்குருதி உறையாமல் நீராகவே கிடக்கும். மனிதக் குருதியை இவ்வாறு குலைக்கும் அந்நஞ்சு, அதைச் சுரந்த பாம்பின் குருதியை ஏன் குலைப்பதில்லை என்பதையே இன்று உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

இது பழைய வினா. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான பெலிசே பொந்தானா விரியன் பாம்புகளை வைத்துப் பல சோதனைகள் செய்து, விரியனின் நஞ்சு விரியனுக்கு நஞ்சன்று என்று எழுதினார். காரணத்தை அறியும் வசதி அவர் காலத்தில் இருக்கவில்லை.

நஞ்சு பையில் அடைபட்டிருப்பதால் பாம்புக்குத் தீங்கில்லை என்று பலர் எண்ணுவர். அது பாதி விடையே. நஞ்சுச் சுரப்பியினுள் சற்று அமிலத்தன்மை நிலவுகின்றது. அங்குள்ள சித்திரேற்று என்னும் உப்பு, சில நொதியங்களுக்கு வேண்டிய கல்சியத்தைப் பிடித்துவைக்கின்றது. விரியன்களின் சுரப்பியில் நொதியங்களை அடக்கும் பெப்தைட்டுகள் என்னும் மிகச் சிறிய புரதத் துண்டுகளும் உள்ளன. ஆயினும் பாம்பு இரையைக் கௌவும்போது தன் வாயையே குத்திக்கொள்ளலாம். தன்னினத்துப் பாம்பிடம் கடிபடலாம். அப்பொழுது நஞ்சு நேரே உடலுக்குள் செல்கின்றது. அங்கே அதை எதிர்கொள்வன குருதியிலுள்ள புரதங்கள்.

இப்புரதங்கள் பிறபொருளெதிரிகள் அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நஞ்சைச் சந்தித்த பின்னர் உடல் கற்றுக்கொண்டு ஆக்குபவை பிறபொருளெதிரிகள். பாம்பின் ஈரலோ இத்தடுப்புப் புரதங்களைப் பரம்பரையலகின் கட்டளைப்படி ஆக்கிக் குருதியில் விட்டுவைக்கின்றது. நஞ்சிலுள்ள பொஸ்போலிப்பேஸ் ஏ2 என்னும் நொதியம் கலமென்சவ்வின் கொழுப்பைச் சிதைப்பது. அதை அடக்கும் புரதங்கள், அமைப்பில் ஒன்றையொன்று ஒத்திராத அல்பா, பீற்றா, காமா என்னும் மூன்று குடும்பங்களாக உள்ளன. ஒரே வேலைக்கு மூன்று வெவ்வேறு புரதக் குலங்கள் வந்து சேர்ந்திருப்பது என்னை இன்றும் வியக்கவைக்கின்றது. நஞ்சற்ற சாரையினப் பாம்புகள் சிலவற்றின் குருதியிலும் இவை உள்ளன. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தினர் மலைப்பாம்பின் குருதியிலிருந்தும் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். ஆகவே இக்குடும்பங்கள் முழுவதும் தன் நஞ்சுக்கெனவே தோன்றியவை என்று சொல்வது பொருந்தாது என்பது என் எண்ணம்.

இவை எவ்வளவு நுட்பமாக இயங்குகின்றன என்பதற்குத் தென்னமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பு ஒன்றே போதும். அதன் நஞ்சில் முதன்மையான குரொட்டொக்சின் இரண்டு துணைக்கூறுகள் கூடியது. ஒன்று நொதியம், மற்றது தனியே தீங்கற்றது, நொதியத்தை உரிய இலக்குக்கு இட்டுச்செல்வது. அப்பாம்பின் குருதியிலுள்ள காமாக் குடும்பப் புரதம் வழிகாட்டும் துணையை விலக்கிவிட்டு, அதனிடத்தில் தானே நொதியத்தைப் பற்றிக்கொள்கின்றது. நஞ்சு அத்துடன் செயலிழக்கின்றது.

குருதிக்குழாய்ச் சுவரைச் சிதைத்து இரத்தக்கசிவை உண்டாக்கும் துத்தநாகம் சார்ந்த புரதநொதியங்களை அடக்க வேறொரு தடுப்பான் கூட்டம் உண்டு. ஜப்பானின் தென்தீவுகளில் வாழும் ஹாபு விரியனிலும், பிரேசிலின் ஜராராக்கா விரியனிலும் பிட்டூயின் என்னும் குருதிப் புரதத்தை ஒத்த தடுப்பான்கள் முன்னரே அறியப்பட்டிருந்தன. அமெரிக்காவின் மேற்கு வைரமுதுகுக் கிலுகிலுப்பைப் பாம்பில் இந்நொதியங்கள் மிகப் பெருகியுள்ளன. அதன் குருதியில் ஐந்து பிட்டூயின் வகைப் புரதங்கள் இருந்தும், ஏறத்தாழ 20 நொதியங்களைப் பற்றிக்கொள்வது மூன்றாவது ஒன்றே என 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. ஹாபுவிலும் ஜராராக்காவிலும் அவ்வேலையைச் செய்வதன் நேர் உறவான இரண்டாவது புரதம் இங்கே வலுவற்றிருக்கின்றது. நஞ்சு மாற, காவற்பொறுப்பு ஒரு பரம்பரையலகிலிருந்து அதன் உடன்பிறப்புக்குக் கைமாறியிருக்கின்றது. கூர்ப்பின் கணக்கை இத்தனை தெளிவாகக் காட்டும் சான்றுகள் மிகச் சிலவே.

நாகபாம்பின் கதை வேறு. அதன் நரம்புநச்சு, நரம்பின் செய்தியைத் தசையில் ஏற்கும் அசற்றைல்கோலின் வாங்கியைப் பற்றுவது. நாகத்தின் வாங்கியிலோ, நச்சு வந்து பொருந்த வேண்டிய இடத்தில் ஒரு வெல்லச் சங்கிலி ஒட்டியிருந்து மறிக்கின்றது. அங்கே காவல் இலக்கிலேயே அமைந்துவிட்டது.

பாம்பின் குருதியைக் குடித்தால் நஞ்சு ஏறாது என்று எவராவது கூறினால் நம்பாதீர்கள். இவை புரதங்கள், இரைப்பையில் செரித்துப்போகும். தன் நஞ்சைத் தாங்கும் பாம்பும் வேறொரு பாம்பின் நஞ்சால் மடியக்கூடும்.

நம் வைத்தியசாலைகளில் இன்று பயன்படும் விசமுறிவு மருந்து, இந்தியாவின் நாகம், கண்டங்கருவிரியன், புடையன், சுருட்டை என்னும் நான்கின் நஞ்சைக் குதிரைக்கு ஏற்றி, அதன் பிறபொருளெதிரிகளைப் பிரித்தெடுத்து ஆக்கப்படுவது. எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்து அது. ஆனால் குதிரைப் புரதம் கடும் ஒவ்வாமையைத் தரக்கூடும். இலங்கையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரிடத்து நடந்து 2011இல் வெளியான ஆய்வொன்று, முன்னதாகக் குறைந்தளவு அட்ரினலின் கொடுப்பது கடும் விளைவுகளைக் குறைக்கும் என்று காட்டியது. தவிர, இம்மருந்தை வைத்தியசாலையிலேயே ஏற்ற முடியும். கடிபட்ட வயலுக்கும் வைத்தியசாலைக்கும் இடையே கழியும் நேரத்திற்குத்தான் நமக்கு மருந்து தேவை. பாம்பின் ஈரற்புரதம் அடக்கும் அதே பொஸ்போலிப்பேஸ் நொதியத்தை அடக்கும் வரெஸ்பிளாடிப் என்னும் சிறு மூலக்கூறு, வாயால் உட்கொள்ளக்கூடிய வடிவில் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் கடிபட்டவரிடத்துச் சோதிக்கப்பட்டது. நொதியத்தை நேரே அடக்கும் வழியைப் பாம்பு நெடுங்காலத்துக்கு முன்பே கைக்கொண்டிருக்கின்றது.

இங்குள்ள மருத்துவ, விஞ்ஞான மாணவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நம் வயல்களில் திரியும் புடையனின் குருதியையும் நம் கரையோரச் சுருட்டையின் குருதியையும் முறையான அனுமதியுடன், பாம்பைக் கொல்லாமல், சிறிதளவு எடுத்து, அதன் நீர்ப்பாயம், அதாவது குருதி உறைந்தபின் எஞ்சும் தெளிந்த நீர், அப்பாம்பின் நஞ்சைத் தடுக்கின்றதா என்று பாருங்கள்.  தடுத்தால், எந்தப் புரதம் அதைச் செய்தது என்று பிரித்தறியும் நெடிய வேலை அடுத்து வரும். அதற்குரிய கைகள் இந்த அவையிலேயே இருக்கின்றன.