குழந்தை சாப்பிட போன் காட்டலாமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். பொள்ளாச்சியிலருந்து ஒரு அம்மா கேட்டிருந்தாங்க: "என் பொண்ணுக்கு ரெண்டு வயசாகப் போகுது, போன்ல ரைம்ஸ் போட்டாத்தான் வாயத் திறக்குறா, ஆனா அதப் பாத்து பாட்டு, கலரெல்லாம் கத்துக்கிறாளே, அதுவும் நல்லதுதானே சார்?" இந்தக் கேள்வி வந்ததுலருந்து மண்டையில ஓடிக்கிட்டே இருக்கு.

ரெகுலரா பாக்குறவங்களுக்குத் தெரியும், நான் திரும்பத் திரும்ப சொல்றது ஒண்ணுதான், எதிர்ல இருக்குற முகம் பதில் சொல்லணும். எட்வர்ட் ட்ரானிக்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர் 1970கள்ல செஞ்ச ஆராய்ச்சிய ஏற்கனவே சொல்லியிருக்கேன்ல, அம்மா கொஞ்சிக்கிட்டே இருந்துட்டு திடீர்னு முகத்த அசைக்காம வச்சுக்குவாங்க, ஆள் எங்கயும் போகல, அங்கயேதான் உக்காந்திருக்காங்க, ஆனா குழந்தை சிரிச்சுப் பாக்கும், கைய நீட்டும், கத்தும், கடைசில முகத்தத் திருப்பிக்கிட்டு அழுதுரும்.

சரி, கத்துக்கிறாளான்னு கேட்டீங்க. சியாட்டில்ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல பாட்ரிசியா குல்னு ஒருத்தங்க, 2003ல வந்த ஆராய்ச்சி. இங்கிலீஷ் பேசுற வீட்டு 9 மாசக் குழந்தைங்க. ஒரு குரூப்புக்கு சீன மொழி பேசுறவங்க நேர்ல வந்து உக்காந்து புக் படிச்சு, பொம்மை வச்சு விளையாடினாங்க, 12 தடவை. இன்னொரு குரூப்புக்கு அதே மாதிரி புக்கும் பொம்மையும் வச்சு எடுத்த வீடியோவ டிவில போட்டுக் காட்டினாங்க. நேர்ல கேட்ட குழந்தைங்க அந்த மொழியோட ஒலிகளப் பிரிச்சுக் கண்டுபிடிச்சுதுங்க, டிவி பாத்த குழந்தைங்ககிட்ட அந்தக் கற்றலே இல்ல! ஏன்னா டிவி பதில் சொல்லாது.

எங்க அப்பத்தா அமாவாசை அன்னைக்கும் நிலாவக் காட்டித்தான் சோறு ஊட்டும், "மேகத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கு பாரு, நீ வாயத் திறந்தா வரும்"னு. நிலா இருந்தா என்ன இல்லாட்டி என்ன, புள்ள 'ங்கா'ன்னா அப்பத்தாவும் 'ங்கா'ன்னும், வயிறு நிறைஞ்சுருச்சான்னு புள்ள முகத்தப் பாத்தே கிண்ணத்த கீழ வச்சுரும். போன் காட்டி ஊட்டுறப்ப புள்ளையும் நம்மளப் பாக்கல, நாமளும் புள்ள முகத்தப் பாக்கல, வாய் மட்டும் திறந்து மூடுது.

அப்ப துபாய்ல இருக்குற அப்பாகிட்ட வீடியோ கால் பேசுறதும் தப்பான்னு கேப்பீங்க. தப்பே இல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2016லயே 18 மாசத்துக்குள்ள ஸ்கிரீன் வேண்டாம், வீடியோ கால் மட்டும் பரவாயில்லன்னு சொல்லிருச்சு. அங்க அப்பா முகம் பதில் சொல்லுதே.

ஆனா அம்மா, நீங்க கேக்காத ஒண்ணுதான் எனக்கு இன்னும் பெருசாப் படுது. குழந்தை பக்கத்துல இருக்கும்போது நம்ம போன் எங்க இருக்கு? உங்கள மட்டும் சொல்லல, வீட்ல எல்லாரையும்தான். 2017ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அம்மாக்கள் ரெண்டு வயசுக் குழந்தைக்குப் புதுசா ரெண்டு வார்த்தை சொல்லித்தரணும், ஒரு வார்த்தைக்கு நடுவுல மட்டும் போன் அடிக்கும், எடுத்துப் பேசிட்டு விட்ட இடத்துலருந்து தொடரணும். ரெண்டு வார்த்தையையும் சமமாத்தான் சொன்னாங்க. போன் குறுக்க வந்த வார்த்தையக் குழந்தைங்க கத்துக்கல.

சமீபத்துல ஒரு கல்யாணப் பந்தில எனக்கு எதிர் வரிசைல ஒரு பையன், அப்பளத்துல ஓட்டை போட்டு அது வழியா அவங்க அப்பாவப் பாக்குறான், "அப்பா, அப்பா"ங்குறான், அவரு போன்ல தள்ளிக்கிட்டே "ம்ம், சாப்பிடு"ங்குறாரு. அப்புறம் அதே ஓட்டை வழியா என்னப் பாத்தான், நானும் என் அப்பளத்துல ஒண்ணு போட்டு எட்டிப் பாத்தேன். பந்தியே திரும்பிப் பாக்குற மாதிரி சிரிச்சான்யா அந்தப் பய. அந்தச் சிரிப்பு அவங்க அப்பாவுக்குக் கிடைக்க வேண்டியது, எனக்கு மனசே ஆறல.

உங்க பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, ஒரு வயசுல ஸ்கிரீனே வேண்டாம், ரெண்டு வயசுல அதிகபட்சம் 1 மணி நேரம், அதுக்கும் கம்மின்னா இன்னும் நல்லது. சாப்பாட்டு நேரத்துல போன நிறுத்துங்க, முதல்ல அழுவா, கொஞ்சமாத்தான் சாப்பிடுவா, பயப்படாதீங்க. எல்லாரோடயும் உக்கார வச்சு தட்டுல போட்டு அவளே கையால எடுக்கட்டும், சிந்தினா சிந்தட்டும். இன்னொண்ணு, ரெண்டு வயசு முடிஞ்சும் "அம்மா வா", "பால் தா" மாதிரி ரெண்டு வார்த்தை சேத்துப் பேசலன்னா, அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்னு வீட்ல சொல்றதக் கேட்டுட்டு இருக்காதீங்க, குழந்தை டாக்டர்கிட்ட காட்டி முதல்ல காது டெஸ்ட் எடுத்துருங்க.