குறி இட்ட பின்பும் வேலை செய்யும் புரதம்

நேயர்களுக்கு வணக்கம். நமது மாவட்டத்தின் மேய்ச்சல் தரைகளில் பல பட்டிகளின் மாடுகள் கலந்து மேய்ந்தாலும், சுட்ட குறியைப் பார்த்து உடையவர் தம் மாட்டைப் பிரித்தெடுத்துவிடுகிறார். பாண் மாவைப் பொங்கவைக்கும் மதுவத்தின் கலத்துக்குள் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் நெருங்கிக் கிடக்கையில், அவற்றுள் ஒன்றை மட்டும் பின்தொடர விரும்பும் ஆய்வாளருக்கும் ஒரு குறி வேண்டும். ஆனால் குறி இட்ட பின்பும் அந்தப் புரதம் முன்போலவே தன் வேலையைச் செய்ய வேண்டும்.

பெரிதும் பயன்படும் குறி, ஜெலி மீனிலிருந்து பெற்ற பச்சை ஒளிர்வுப் புரதம். அதற்கான பணிக்காக ஒசாமு ஷிமோமுரா, மார்ட்டின் சால்ஃபி, ரொஜர் சியென் ஆகிய மூவருக்கும் 2008 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இக்குறிக்கான பரம்பரை அலகைத் தாங்கி, முனைகளில் ஏறத்தாழ 40 எழுத்துகள் பொருந்தும் டி.என்.ஏ. துண்டொன்றைக் கொடுத்தால், மதுவம் அதனைத் தன் நிறமூர்த்தத்தின் உரிய இடத்திலேயே இணைத்துக்கொள்கிறது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; பொதுவாகக் குறியை அதன் கடைசியான வால் முனையில் சேர்க்கிறார்கள். அப்போது பரம்பரை அலகின் முன்னேயுள்ள கட்டுப்பாட்டுப் பகுதி குலையாதிருப்பதால், புரதம் ஏறத்தாழ வழக்கமான அளவிலேயே உருவாகும். கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிக்குச் செல்லும் புரதங்கள் பலவற்றின் தலை முனையில் எழுதப்பட்டிருக்கும் முகவரியும் மறைபடாது. ஆயினும் சில புரதங்களுக்கு வாலே முகவரி. புரதங்கள் மடிந்து உருப்பெறும் அகமுதலுருச் சிறுவலைக்குள் தங்கவேண்டிய சில புரதங்களின் கடைசி நான்கு அமினோ அமிலங்களே அவற்றை அங்கு திருப்பி அழைக்கின்றன. அவற்றின் பின்னால் 238 அமினோ அமிலங்கள் கொண்ட ஒளிர்வுப் புரதத்தை ஒட்டினால், அழைப்பு கேளாமற்போய்ப் புரதம் வெளியேறிவிடும். தலை முனையிலும் வேறொரு முகவரி இருப்பதால், அந்த நான்குக்குச் சற்று முன்னால் குறியை நுழைப்பதே தக்கது. கலத்துக்குள் வளர்ச்சிச் செய்தியைக் கடத்தும் ராஸ் புரதத்தின் நிலை வேறு: அதன் வால் கொழுப்பு மூலக்கூறு ஒட்டுமிடமாகையால், குறி தலைப்பக்கம் செல்ல வேண்டும். நெருக்கடியான இடங்களில் கிளைசீன், செரீன் அமிலங்களாலான இளக்கமான இணைப்பொன்று குறியைச் சற்று விலக்கி வைக்கிறது. அதுவும் போதாவிடில், 9 அமினோ அமிலங்களே கொண்ட எச்.ஏ. போன்ற சிறு குறியை நாடலாம்.

நுணுக்குக்காட்டியில் அழகான பச்சை தெரிந்தவுடனே மனம் நிறைவடைவது பெரும் பிழை என்று நான் கருதுகிறேன். கலத்தின் சட்டக இழைகளை உருவாக்கும் ஆக்டின் புரதத்தோடு ஒளிர்வுக் குறியை இணைத்தால், அந்த இழைகள் தெளிவாகத் தெரியும். ஆனால் குறியற்ற ஆக்டினும் உடன் இருந்தால்தான் கலம் பிழைக்கும். ஆகவே முதலில் ஒவ்வொரு பரம்பரை அலகிலும் ஒற்றைப் பிரதி மட்டுமுள்ள மதுவத்தில் குறி இட்டு, குறி இடாத மதுவத்துக்கு அருகே ஒரே தட்டில் இட்டு, ஒரு தட்டை 30 பாகை செல்சியஸிலும், இன்னொன்றைப் பலவீனத்தை வெளிக்கொணரும் 37 பாகையிலும் வளர்த்துப் பாருங்கள். இரண்டின் கூட்டங்களும் ஒரே அளவில் வளர்ந்த பின்னரே நுணுக்குக்காட்டிக்கு முன்னால் அமருங்கள்.