ஓர் அகராதிக்கு 28 ஆண்டுகள்: கொரிய மொழிச் சங்கத்தின் வரலாறு

நேயர்களுக்கு வணக்கம்.

கொரிய மொழி ஆய்வுக்கென்றே இயங்கிவரும் பழைய சங்கம் ஹங்குல் ஹக்ஹோ. ஹங்குல் என்பது கொரிய எழுத்தின் பெயர், ஹக்ஹோ என்றால் கல்விச் சங்கம். இந்தச் சங்கத்துக்கு வயது என்ன என்று கேட்டால் இரண்டு விடை வரும். சங்கத்தார் சொல்வது 1908 ஆகஸ்ட் 31. இலக்கண அறிஞர் ஜூ சீ-க்யோங்கும் அவருடைய மாணவர்களும் சியோலில் போங்வொன்சா என்ற பௌத்த மடத்தில் கூடி, நாட்டுமொழி ஆய்வுச் சங்கம் தொடங்கிய நாள் அது. வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்வது 1921 டிசம்பர் 3. ஜூ இறந்து ஏழு ஆண்டு கழித்து, ஹ்விமுன் பள்ளியில் கொரிய மொழி ஆய்வுக் கழகம் அமைந்த நாள். நடுவே வேலை நின்றுபோன காலம் உண்டு என்பதால் எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. ஆனால் 1921-ல் கூடியவர்களில் ஜூவின் மாணவர்களே அதிகம். ஆட்களை வைத்துப் பார்த்தால் முதல் தேதியையும் தள்ளிவிட முடியாது.

கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. ஆட்சி கைமாறியதற்கு அடுத்த ஆண்டே ஜூ ஓர் அகராதி வேலையில் இறங்கினார். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மல்மொயி, அதாவது ‘சொல் திரட்டு’. 1914-ல் ஜூ காலமானார், வேலை நின்றது. இன்று எஞ்சியிருப்பது முதல் எழுத்தின் ஒரு பகுதி அடங்கிய ஒரே ஒரு தொகுதி. 1920-ல் ஜப்பானிய ஆளுநரகம் தானே ஓர் அகராதி வெளியிட்டது. தலைச்சொல் கொரிய மொழியில், பொருள் ஜப்பானிய மொழியில். யாருடைய பயனுக்காக என்று விளக்க வேண்டியதில்லை.

1929 அக்டோபர் 31 அன்று 108 பேர் முன்னின்று அகராதித் தொகுப்புக் கழகம் தொடங்கினார்கள். முதுகெலும்பாக நின்றவர் இ குக்-ரோ. பெர்லினில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்று அந்த ஆண்டுதான் ஊர் திரும்பியவர். கேசோங் நகரத்துப் பள்ளி ஆசிரியர் இ சாங்-சுன், தாம் தனியாளாகத் திரட்டிவைத்த சொற்களை அப்படியே கொடுத்துவிட்டார். பிறகென்ன, அகரவரிசையில் அடுக்க வேண்டியதுதானே?

அங்கேதான் சிக்கல். கொரிய மொழியில் ஓர் அசை ஒரே கட்டமாக எழுதப்படும். உயிருக்குக் கீழே ஒரு மெய் வரலாம். அதற்குப் பட்சிம் என்று பெயர். பூ என்ற சொல்லைப் பாருங்கள். தனியாகச் சொன்னால் ‘கொத்’ என்று ஒலிக்கும். எழுவாய் உருபு சேர்ந்தால் ‘கொச்சி’. ‘மட்டும்’ என்ற பொருள் தரும் ‘மன்’ சேர்ந்தால் ‘கொன்மன்’. காதில் விழுவதை எழுதினால் ஒரே சொல்லுக்கு மூன்று வடிவம். அகராதியில் அது எந்த எழுத்தின் கீழ் வரும்? நாம் மரம், மரங்கள் என்று ஒலிக்கேற்ற எழுத்தைத்தான் எழுதுகிறோம். ‘மரம்கள்’ என்று எழுதுவதில்லை. ஜூ சீ-க்யோங்கின் வழி இதற்கு நேர் எதிர். உள்ளே இருக்கும் மெய் ‘ச’ என்றால், எப்படி ஒலித்தாலும் அந்த ‘ச’வையே கீழே எழுது என்றார். பகுதியின் உருவம் மாறாது. கண் சொல்லை உடனே பிடித்துக்கொள்ளும்.

ஆக, அகராதியை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் எழுத்துக்கூட்டலை முடிக்க வேண்டியதாயிற்று. 1930 டிசம்பரில் தீர்மானம் போட்டார்கள். மறு ஆண்டு கழகத்தின் பெயர் கொரிய மொழிச் சங்கம் என்று மாறியது. வரைவு எழுதியவர்கள் 12 பேர். பிறகு ஆறு பேரைச் சேர்த்து 18 ஆக்கினார்கள். முதல் வாசிப்பு 1932 டிசம்பர் கடைசியில் கேசோங்கில், இரண்டாவது அடுத்த கோடையில் ஹ்வாகேசா மடத்தில். மொத்தம் 125 அமர்வு, 433 மணி நேரம். 1933 அக்டோபரில் ‘ஹங்குல் எழுத்துக்கூட்டல் ஒருமுக வரைவு’ வெளியானது. அதன் முதல் விதியைச் சுருக்கமாகச் சொன்னால்: பொதுச்சொல்லை ஒலிப்படி எழுது, ஆனால் இலக்கணத்துக்குப் பொருந்த எழுது. இந்த இரண்டில் எது எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்குத்தான் அத்தனை மணி நேரமும்.

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள் என்று எண்ண வேண்டாம். வழக்கறிஞர் பாக் சுங்-பின் தனிக் கழகம் அமைத்து எதிர்த்தார். ஒலிக்காத மெய்யைக் கீழே இரட்டையாக அடுக்கிவைப்பது மக்களுக்குச் சுமை என்பது அவருடைய வாதம். 1932 நவம்பரில் தோங்-ஆ நாளிதழ் இரு தரப்பையும் மேடையேற்றி மூன்று நாள் வாதம் நடத்தியது. பாக் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்றும் கொரியப் பள்ளிப் பிள்ளைகள் சொல்வதெழுதுதலில் தடுமாறும் இடம் இந்தப் பட்சிம்தான்.

எழுத்துக்கூட்டல் முடிந்ததும் அடுத்த முட்டுக்கட்டை. ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு சொல் இருந்தால் எதைத் தலைச்சொல்லாக வைப்பது? நடுத்தர வகுப்பார் இப்போது பேசும் சியோல் பேச்சே பொதுவழக்கு என்று 1933 விதியிலேயே எழுதியிருந்தார்கள். ஆனால் சொல்லுக்குச் சொல் தேர்ந்தெடுக்க ஆள் வேண்டுமே. 73 பேர் கொண்ட குழு அமைந்தது. சியோலும் அதைச் சூழ்ந்த க்யோங்கி மாகாணமும் 37 பேர், மற்ற மாகாணங்கள் 36 பேர். முடிவெடுக்கும் உரிமை க்யோங்கிக்காரர்களுக்கு மட்டும். வெளி மாகாணத்தார் ஒருவர் மறுப்புச் சொன்னாலும் அந்தச் சொல் மறு ஆய்வுக்குப் போகும். எந்தெந்த ஊரில் எது வழங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் திரும்ப வரும். 1936-ல் வெளிவந்த பட்டியலில் ஆய்ந்த சொற்கள் 9,547. பொதுச்சொல்லாக ஏற்றவை 6,231, சுருக்க வடிவங்கள் 134, சீனவழிச் சொற்கள் 100. மீதி 3,082 சொற்கள் பொதுவழக்கு அல்ல என்று ஒதுக்கப்பட்டன. அந்த மூவாயிரத்துச் சொச்சமும் யாரோ ஒரு தாய் தன் பிள்ளையிடம் பேசிய சொற்கள்தாம். சங்கத்துக்கும் அது தெரியும். அதனால்தான் தங்கள் ‘ஹங்குல்’ இதழில் வட்டார வழக்குத் திரட்டும் வேலையைத் தொடங்கி, விடுமுறைக்கு ஊர் போகும் மாணவர்களையும் அதில் ஈடுபடுத்தினார்கள்.

இத்தனைக்கும் இடமும் பணமும்? 1935-ல் ஹ்வாதோங் பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தைக் கொடுத்தவர் ஜோங் செ-க்வோன் என்ற வீடு கட்டும் தொழிலதிபர். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் புக்சோன் ஓட்டு வீட்டு வரிசைகளில் பல அவர் கட்டியவை.

1938-ல் பள்ளியில் கொரிய மொழி கட்டாயப் பாடம் என்ற நிலை போனது. 1940-ல் தோங்-ஆ போன்ற கொரிய நாளிதழ்கள் மூடப்பட்டன. அதே ஆண்டுதான், சில பகுதிகளை வெட்டவும் திருத்தவும் வேண்டும் என்ற நிபந்தனையோடு, அகராதிக்கு அச்சு அனுமதி கிடைத்தது. 1942-ல் எழுத்துக் கோக்கும் வேலை தொடங்கியிருந்தது.

அப்போது வடகிழக்கே ஹோங்வோன் காவல் துறையினர் ஒரு பள்ளி மாணவியின் பழைய நாட்குறிப்பைப் பிடித்தார்கள். ‘நாட்டுமொழி’ பேசியதற்குத் தண்டனை என்று ஒரு வரி. அந்தக் காலத்து அரசு வழக்கில் நாட்டுமொழி என்றால் ஜப்பானிய மொழி. அதைப் பேசியதற்குத் தண்டித்த ஆசிரியர் யார்? துருவியதில், முன்பு அந்த மாணவியின் பள்ளியில் கற்பித்துப் பின் அகராதிப் பணிக்கு வந்துவிட்ட ஜோங் தே-ஜின் அகப்பட்டார். அவரிடம் வாக்குமூலம் வாங்கி, அக்டோபர் 1 அன்று 11 பேரைக் கைது செய்தார்கள். வழக்கில் சிக்கியவர்கள் கடைசியில் 33 பேர். இ யுன்-ஜே 1943 டிசம்பரிலும் ஹான் ஜிங் 1944 பிப்ரவரியிலும் ஹாம்ஹுங் சிறையிலேயே இறந்தார்கள். 1945 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: இ குக்-ரோவுக்கு ஆறு ஆண்டு, இலக்கண அறிஞர் சே ஹ்யோன்-பேவுக்கு நான்கு. தண்டனை பெற்றவர்களில் நால்வர் மேல்முறையீடு செய்தார்கள். ஆகஸ்ட் 13 அன்று அது தள்ளுபடியானது. இரண்டு நாளில் ஜப்பான் சரணடைந்தது. 17-ஆம் தேதி, உள்ளே மிஞ்சியிருந்த நால்வரும் வெளியே வந்தார்கள்.

கையெழுத்துப்படி எங்கே? அது வழக்கின் சான்றுப்பொருளாகப் போயிருந்தது. செப்டம்பர் 8 அன்று, சியோல் ரயில் நிலையச் சரக்குக் கிடங்கில் கட்டுக்கட்டாகக் கிடந்தது, 26,500 தாளுக்கு மேல். தோற்றுப்போன அந்த மேல்முறையீடுதான் அகராதியைக் காப்பாற்றியது. அதற்காகத்தான் தாள்கள் தெற்கே சியோலுக்கு அனுப்பப்பட்டன. அனுப்பாமல் இருந்திருந்தால் அவை ஹாம்ஹுங்கிலேயே, அதாவது நாட்டை வடக்கு, தெற்கு என்று பிரித்த 38-ஆம் இணைகோட்டுக்கு வடக்கே, தங்கியிருக்கும்.

முதல் தொகுதி 1947 அக்டோபர் 9 அன்று வந்தது. அந்தத் தேதிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஹங்குல் பிறந்த நாள் என்று முன்பு அக்டோபர் கடைசியைக் கொண்டாடினார்கள். ஹங்குலை விளக்கும் 1446-ஆம் ஆண்டு நூலின் பிரதி 1940-ல் கிடைத்தது. அதன் பின்னுரையில் சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்து ‘முதல் பத்து நாள்’ என்றிருந்தது. பத்தாம் நாளையே எடுத்துக்கொண்டு மாற்றிக் கணக்கிட்டால் அக்டோபர் 9.

1949-ல் சங்கம் ஹங்குல் ஹக்ஹோ என்ற பெயரை ஏற்றது. காகிதத் தட்டுப்பாட்டுக்கு ராக்பெல்லர் அறக்கட்டளை உதவியது. பிறகு கொரியப் போர். போர் ஓய்ந்ததும், பழைய எளிய எழுத்துக்கூட்டலுக்கே திரும்ப வேண்டும் என்று அதிபர் சிங்மன் ரீ பிடிவாதம் பிடித்தார். 1955-ல் அவர் அதைக் கைவிட்டார். 1957 அக்டோபர் 9 அன்று ஆறாம் தொகுதி வெளியாயிற்று, மொத்தம் 1,64,125 தலைச்சொற்கள்.

இ குக்-ரோ அந்த விழாவில் இல்லை. 1948-ல் பியோங்யாங் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். வடக்கின் எழுத்துக்கூட்டலும் 1933 வரைவிலிருந்து கிளைத்ததுதான். ஆனால் சீனவழிச் சொல்லின் முதலில் வரும் ‘ர’வை உதிர்க்கும் விதியை வடக்கு விட்டுவிட்டது. அதனால் தெற்கத்திய நூல்களில் அவர் இ குக்-ரோ, வடக்கத்திய நூல்களில் ரி குக்-ரோ. இரண்டு நாட்டு நூல்களிலும் அவரைத் தேட வேண்டுமானால், இரண்டு எழுத்தின் கீழ் தேட வேண்டும்.

வணக்கம்.