தொண்டைக்கதிருக்கு முன்னாடியே எடுக்கணும்

வரப்பு வழுக்குது, கேமரா ஆடினா பொறுத்துக்குங்க. ஆடுதுறைப் பக்கம் சம்பா வயல்ல நிக்கிறேன். இந்தப் பக்கம் சி.ஆர். 1009, நம்ம பொன்மணி, மோட்டா நெல்லு. அடுத்த வயல் சீரகச் சம்பா, பொடி நெல்லு. ரெண்டுக்கும் ஏன் இந்த வித்தியாசம்னு ஜீன்ல தேடுறதுதான் இன்னைக்குப் பேச்சு.

விளைஞ்ச நெல்லை ஸ்கேனர்ல வச்சு நீளம், அகலம், ஓரத்தோட வளைவு எல்லாம் அளந்துடலாம். எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டுறது ஆர்.என்.ஏ., அதாவது ஜீனோட நகல். அதே நெல்லை அரைச்சு ஆர்.என்.ஏ. எடுத்து, வடிவத்தோட ஒப்பிட்டா போச்சுன்னு தோணும். போகாது. அரிசி ரொம்புறது உமிக்குள்ளதான். அந்த உமியோட அளவு பூ பூக்கிறதுக்குள்ளயே முடிவாயிடுது. கதிர் வெளிய வராம தண்டுக்குள்ள தொண்டைக்கதிரா உப்பி நிக்கிறப்பவே லேட்டுதான்.

தோ, ஒரு தூரைப் பிரிக்கிறேன். வயல்காரர்கிட்ட கேட்டுட்டேன், திட்டாதீங்க. உள்ள விரல் நீளத்துல இளங்கதிர் தெரியுதா? எடுக்க வேண்டியது இதைத்தான். தேதி பார்த்து எடுத்தா வம்பு, பொன்மணி விளைய நாள் அதிகம். கதிர் நீளத்தை வச்சுதான் ரெண்டையும் ஒப்பிடணும். கிள்ளின உடனே திரவ நைட்ரஜன்ல போடணும், இல்லன்னா காயம் பட்டதுக்கு செடி காட்டுற பதட்டமும் நம்ம டேட்டால ஏறிடும்.

சிக்கலே இங்கதான். கிள்ளின கதிர் நெல்லாகாது. வடிவத்தை அதே ரகத்துல பக்கத்துச் செடியிலதான் அளக்கணும். அதனால ஒப்பீடு ரகத்துக்கு ரகம். ரெண்டு ரகத்துல ஆயிரம் மணி அளந்தாலும் கணக்குல ரெண்டே புள்ளிதான்! 2005ல நெல் மரபணுத்தொகுதியை வெளியிட்டப்போ 37,544 ஜீன்னு எண்ணினாங்க. நூத்துக்கு அஞ்சு தப்பு பரவால்லன்னு விட்டா, வடிவத்துக்குச் சம்பந்தமே இல்லாத 1,800க்கு மேல ஜீன், ஆர்.என்.ஏ. அளவு வடிவத்தோட ‘பொருந்தி’ வந்து நிக்கும். மணியை அளக்கிற நேரத்துல இன்னும் பத்து ரகம் சேருங்க.

பொருந்தினதுக்கு நல்ல உதாரணம் ஜி.டபிள்யூ.8. 2012ல வந்த ஆய்வு. இந்த ஜீன் கூடுதலா வெளிப்பட்டா, அதாவது அதோட ஆர்.என்.ஏ. அதிகமா உருவானா, செல் பிரியுறது கூடி நெல்லு அகலமாகும். பாஸ்மதியில அதோட சுவிட்ச் பகுதியில மாற்றம் இருக்கு, வெளிப்பாடு குறைவு, அதான் அவ்ளோ ஒல்லி.

ஆனா 2006ல கண்டுபிடிச்ச ஜி.எஸ்.3 வேற ரகளை. நீளத்தை அடக்கி வைக்கிற ஜீன் அது. நீள நெல்லுல அதோட டி.என்.ஏ.ல ஒரே ஒரு எழுத்து மாறி, புரதம் பாதியிலயே நின்னுடுது. ஆர்.என்.ஏ. எவ்வளவுன்னு மட்டும் பார்க்கிற அட்டவணையில இது கண்ணுக்கே படாம போகலாம். டி.என்.ஏ. வரிசையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.