ஃபில்டர் மறைக்கும் புத்தகங்கள்

வணக்கம் நேயர்களே. பழைய தமிழ் நூல்களை மின்னாக்கம் செய்து இணையத்தில் வைக்கிற வேலை இப்போது பல இடங்களில் நடக்கிறது, நல்ல விஷயம். ஆனால் நூல்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு 'மருத்துவம்' என்று தேடினால் பக்கம் பக்கமாக வந்து கொட்டும். அப்போது கை தானாக ஓரத்தில் இருக்கிற ஃபில்டருக்குப் போகும்: பொருள், ஆசிரியர், ஊர், ஆண்டு.

ஒரு நூலை இப்படிப் பல முகங்களாகப் பிரித்துப் பார்க்கும் முறைக்கு நூலகத்துறையில் ஒழுங்கான வடிவம் கொடுத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1933இல் நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அவர் வகுத்த நூலக விதிகளில் நான்காவது. ஃபில்டர் இருப்பதே அதற்காகத்தான்.

சரி, சிக்கல் எங்கே வருகிறது? ஆண்டில். பழைய நூல்கள் பலவற்றில் 'பிரபவ வருஷம்' என்கிற மாதிரி தமிழ் ஆண்டின் பெயர்தான் இருக்கும். அந்தப் பெயர் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும், அதனால் அது 1867 ஆகவும் இருக்கலாம், 1927 ஆகவும் இருக்கலாம். எது என்று முடிவு செய்ய முடியாமல் பதிவு செய்பவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார், அது நியாயமும்கூட. ஆனால் நீங்கள் 1860 முதல் 1880 வரை என்று கேட்டதும், ஆண்டு இல்லாத அத்தனை நூல்களும் சத்தமே இல்லாமல் பட்டியலிலிருந்து போய்விடும். தேடியவர் அப்படி ஒரு நூலே இல்லை என்று நினைத்துக்கொண்டு ஆய்வை எழுதி முடித்துவிடுவார். எனக்கு இதுதான் பெரிய கவலை.

ஆகவே 'ஆண்டு தெரியாதவை' என்று தனியாக ஒரு தேர்வு வேண்டும், பக்கத்திலேயே எத்தனை நூல்கள் என்ற எண்ணும் வேண்டும். இரண்டு ஆண்டுகளில் ஏதோ ஒன்று என்றால் இரண்டையும் பதியலாம், தேடும்போது எது பொருந்தினாலும் காட்டலாம். ஆசிரியர் பெயரும் அப்படித்தான். உ.வே.சா., சாமிநாதையர், சாமிநாத ஐயர் என்று மூன்று பெயராகப் பட்டியலில் நின்றால் வாசகர் ஒன்றைத் தொட்டு மற்ற இரண்டையும் இழப்பார், அவற்றைத் திரைக்குப் பின்னால் ஒன்றாக இணைத்துவைப்பது வடிவமைப்பவரின் பொறுப்பு, வாசகருடையது இல்லை.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். ஊரில் மதுரை, தஞ்சாவூர் இரண்டையும் தேர்ந்தால் இரண்டு ஊர் நூல்களும் வர வேண்டும், அதோடு 'மருத்துவம்' சேர்ந்தால் அவற்றில் மருத்துவ நூல்கள் மட்டும். தேர்ந்தவை எல்லாம் மேலே தெரிய வேண்டும், ஒவ்வொன்றையும் தனித்தனியாக நீக்க முடிய வேண்டும். போனில் ஒவ்வொரு டிக்குக்கும் பக்கம் மறுபடி லோட் ஆனால் மெதுவான நெட்டில் யாரும் பொறுக்கமாட்டார்கள், எல்லாவற்றையும் தேர்ந்த பிறகு ஒரே பட்டன் போதும்.

தளம் நடத்துகிறவர்கள் இன்றைக்கே ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு நூலுக்கு ஒரே விடைதான் இருக்க முடியும் என்கிற ஃபில்டர் ஒன்றை எடுத்து, அதில் ஒவ்வொரு தேர்வுக்கும் பக்கத்தில் உள்ள நூல் எண்ணிக்கைகளை எல்லாம் கூட்டுங்கள். மொத்த நூல்களின் எண்ணிக்கையைவிடக் குறைவாக வந்தால், அந்த வித்தியாசம்தான் உங்கள் வாசகர் கண்ணில் படாமல் போகிற நூல்கள். நன்றி, வணக்கம்.