உள்ளங்கை அரிப்பு

நேயர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் வார்டில் நின்ற செவிலியர் நான். இன்று, நோயாளிக்குத் துணையாக மருத்துவமனையில் தங்கும் மகள், மருமகள், தம்பி, அக்கா எல்லோரிடமும் பேச வந்திருக்கிறேன். மருந்து ஒவ்வாமை முற்றி உயிருக்கே ஆபத்தாகும்போது அதை முதலில் பார்ப்பது பெரும்பாலும் நீங்கள்தான்.

பாகூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். காலில் புண் சீழ்பிடித்துக் காய்ச்சல். ஆன்டிபயாட்டிக் மருந்தை நரம்பில் ஏற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "சிஸ்டர், அம்மா உள்ளங்கையைச் சொறிந்துகொண்டே இருக்கிறார்" என்றாள் மகள். இதற்கெல்லாம் கூப்பிடலாமா என்ற கூச்சம் அவள் குரலில் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். கை சிவந்து, கழுத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் குரல் கம்மிவிட்டது. "என்னமோ செய்கிறது, நான் பிழைக்கமாட்டேன்" என்றார். நோயாளி இப்படிச் சொன்னால் நாங்கள் அலட்சியப்படுத்துவதில்லை. அந்த மரண பயமும் ஓர் அறிகுறிதான்.

மருந்தை நிறுத்தினேன், மருத்துவர் ஓடி வந்தார். தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் அரை மில்லிகிராம் போட்டோம். கால்களை உயர்த்தி வைத்து சலைனை வேகமாக ஓடவிட்டோம். அம்மா எழுந்து உட்காரத் தவித்தார், மகளும் தாங்கித் தூக்கப் போனாள். தடுத்துவிட்டேன். இரத்த அழுத்தம் சரிந்து கிடக்கும்போது சட்டென்று நிமிர்த்தினால் இதயமே நின்றுபோகக்கூடும். ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது ஊசி. அதற்குப் பிறகுதான் மணிக்கட்டில் நாடி தட்டுப்பட்டது.

அலர்ஜி என்றால் அவில் ஊசி போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அரிப்பைத் தணிக்கும். அடைக்கும் தொண்டையைத் திறப்பதும் விழும் இரத்த அழுத்தத்தைத் தூக்குவதும் அட்ரினலின்தான். அதைப் போடுவதில் தாமதம் கூடாது.

"போன முறை இதே மருந்து போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லையே" என்று கேட்பீர்கள். ஷார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சு அறிஞர்களும் 1902-இல் இதைக் கண்டுதான் திகைத்தார்கள். கடல் சாமந்தி என்ற கடல்வாழ் உயிரினத்தின் நஞ்சை நாய்க்குச் சிறிது கொடுத்துப் பழக்கினால் அதைத் தாங்கும் சக்தி வரும் என்று நினைத்தார்கள். முதல் தடவை தாங்கிய நாய், சில வாரம் கழித்துக் கொடுத்த சிறு அளவிலேயே நிமிடங்களில் செத்தது. முதல் சந்திப்பில் உடம்பு அந்தப் பொருளை எதிரியாகக் குறித்துவைத்துக்கொள்கிறது. இந்த ஆராய்ச்சிக்காக ரிஷே 1913-இல் நோபல் பரிசு பெற்றார். டெஸ்ட் டோஸில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. ஸ்கேனுக்கு ஏற்றும் சாய மருந்தும் வலி ஊசியும்கூட இதைச் செய்யலாம். பாம்புக்கடி மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது. அதனால் பண்ருட்டி முந்திரித் தோப்பில் கடிபட்டு வருபவருக்கு அதை ஏற்றும்போது அட்ரினலினையும் பக்கத்திலேயே தயாராக வைத்திருப்போம். பயந்து அந்த மருந்தை வேண்டாம் என்றுமட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அந்த அம்மா தெளிந்ததும் மகளுக்கு ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஏதோ மாத்திரை போட்டதும் உடம்பெல்லாம் தடித்ததாம். என்ன மாத்திரை என்று கேட்டேன். "வெள்ளை மாத்திரை, சிஸ்டர்." மருந்து ஏற்றுமுன் "அலர்ஜி உண்டா?" என்றுதான் நான் கேட்டிருந்தேன். தூசியில் தும்முவதைத்தான் அவர்கள் அலர்ஜி என்று அறிந்திருந்தார்கள், இல்லை என்றார்கள். எதையாவது சாப்பிட்டு உடம்பு தடித்ததா, முகம் வீங்கியதா என்று நான் கேட்டிருக்கவேண்டும். அன்றிலிருந்து அப்படித்தான் கேட்டேன்.

தேறியதும் மாலை பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று அவசரப்பட்டார்கள். நாங்கள் விடவில்லை. அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்து மறுபடி கிளம்புவதுண்டு. மறுநாள் மருத்துவர் அந்த மருந்தின் பெயரைத் தமிழிலும் பெரிதாக எழுதிக் கொடுத்தார். மகள் அதை மடித்து, ரேஷன் அட்டை இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள்.

இரண்டு வருடம் கழித்துக் கண்புரை அறுவைக்கு அந்த அம்மா வந்தார். நான் கேள்வியைத் தொடங்குவதற்குள் அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினார். மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது.